தலைக்குள் ஊதிய துருத்தி

என் தம்பி ஷேக் தாவூதின் தலைக்குள் ஒரு துருத்தி ஊதிக்கொண்டிருந்தது. அவனோடு ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த எனக்கு அது தெரியாது. சமயநல்லூரிலிருந்து அவனுக்கு வாக்கப்பட்டு வந்த சைனப் மூன்றே மாதத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நேற்று வந்தவள் என் தம்பியைப் பற்றி எனக்கே சேதி சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஷரீபா கோபக்காரி என்பது எங்கள் சந்துக்கே தெரியும். அதை இனி மறைத்து எந்தப் பட்டம் வாங்கப் போகிறேன்.

எங்கள் வீடு காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. முன்பக்கம் ஈயம் பூசும் பட்டறை, பின்பக்கம் நாங்கள். அத்தா காலத்திலிருந்தே அதுதான் தொழில். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்தால் களிம்பு ஏறிவிடும், அதனால் உள்ளே ஈயம் பூசியே தீர வேண்டும். தரையில் ஒரு குழி, குழியில் கரி நெருப்பு, நெருப்புக்கு அடியில் துருத்தியின் மூக்கு. என் தம்பி பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவான். கறுத்துக் கிடந்த குண்டா உள்ளே பளபளவென்று வெளுத்துவிடும். துருத்தி ஊதுவது சோணை. கோச்சடைக்காரர், என் தம்பிக்கு வயதொத்த கூட்டாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து தங்கியவள்.

வெள்ளிக்கிழமை பட்டறை கிடையாது. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தம்பி சைனப் மடியில் தலை வைத்துப் படுத்துவிடுவான். அவள் பேன் பார்க்கிறேன் பேர்வழி என்று தலையைக் கோதிக்கொண்டிருப்பாள். நான் கண்டும் காணாமல் அடுப்படியில் சட்டிகளை உருட்டுவேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவள் அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அவுக தலைக்குள்ள துருத்தி ஊதுது."

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன் அக்கா. வலது காதுக்கு மேல, இந்த எடத்துல. காத வச்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது. வந்து கேட்டுப் பாருங்க."

"புருஷன் தலையில காத வச்சுக் கேக்குறது ஒன் பாடு. என்னைய எதுக்கு இழுக்குற?" என்றேன்.

உள்ளே இருந்து தம்பி சிரித்தான். "அது ஈயக்காரன் காதுக்கா. சின்ன வயசுல இருந்தே இரையுது. நாள் பூராம் துருத்திக்குப் பக்கத்துல குந்துறவனுக்கு வேற என்னத்தக் கேக்கும்?"

அவன் சொன்னதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அத்தாவுக்குக் காது இரைந்தது. பக்கத்துப் பட்டறை சேக் இஸ்மாயில் மாமாவுக்கும் இரைந்தது. ஈயக்காரர்கள் வெந்துபோன கையைப் பெரிதாக நினைக்காத மாதிரி காது இரைச்சலையும் நினைப்பதில்லை. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் காதில் விடுவார்கள், அவ்வளவுதான். சைனப்பும் கேள்வி கேட்காமல் எண்ணெய் காய்ச்சினாள். எண்ணெய் விட்ட மறுநாளும் துருத்தி ஊதியது. அவள் கவலைப்படவில்லை. எங்கள் தொழில் அவள் புருஷன் தலைக்குள் போய்க் குடியேறிவிட்டது என்று நம்பினாள், அதில் அவளுக்குப் பெருமைகூட.

போகப்போக அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்றாகிவிட்டது. கல்யாண மாதங்களில் தம்பியும் சோணையும் துருத்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கோச்சடை, பரவை, சமயநல்லூர் என்று போய்த் திரும்ப வாரம் ஆகும். அந்த நாட்களில் சைனப்பின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. வெறும் செம்பை எடுத்துக் காதில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி செய்யுற?"

"இதுல கொஞ்சம் இரையுது அக்கா. ஆனா அவுக சத்தம் வேற. இது சும்மா ஓன்னு இருக்கு. அவுகளுது மூச்சு விடுற மாதிரி விட்டு விட்டு வரும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரிலிருந்து திரும்பிய தம்பியிடம் சொன்னேன். "அடுத்த தடவ துருத்திய வீட்டுல வச்சிட்டுப் போறேன், கட்டிப்புடிச்சுத் தூங்கச் சொல்லு" என்றான். அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். இப்படித்தான் அந்த வீட்டில் நாட்கள் போயின. தம்பிக்கு அவ்வப்போது ஒரு பக்கமாகத் தலை வலிக்கும். நவச்சாரப் புகை ஏறிவிட்டது என்பான். பள்ளிவாசல் ஹஜரத் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின தை மாதம். சைனப் அப்போது முழுகாமல் இருந்தாள், ஐந்தாம் மாதம். கோச்சடையில் வெள்ளைத்துரை என்ற வயல்காரச் சம்சாரி வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு அண்டாக்கள். அந்த மாதிரி அண்டாவை வெளியே நின்று தேய்க்க முடியாது. உள்ளே மணலைப் போட்டு, மணல்மேல் ஈரச்சாக்கை விரித்து, அதில் ஏறி நின்று இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்க்க வேண்டும். தம்பி அதைச் செய்யும்போது பார்த்தால் சிரிப்பு வரும். அன்றைக்கும் கல்யாண வீட்டுச் சனங்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

திடீரென்று தம்பி நின்றான். "மாப்ள, தலைக்குள்ள என்னமோ அத்துக்கிட்டுப் போச்சு" என்றான். சோணை நிமிர்வதற்குள் அண்டாவுக்குள்ளேயே மடிந்து விழுந்துவிட்டான்.

வெள்ளைத்துரை தன் கூண்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவரே மாட்டை ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். சோணை வழி முழுக்கத் தம்பியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். அவர் வேட்டியெல்லாம் வாந்தி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொல்ல ஓடி வந்தார். நான் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன். சைனப்தான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முதலில் படியிறங்கினாள்.

சென்னைப் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் பார்த்தார். தம்பியின் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தண்ணீராக வர வேண்டியது ரத்தமாக வந்தது. பிறகு அந்த டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயைத் தம்பியின் தலையில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. வலது காதுக்கு மேல், சைனப் அன்றைக்குச் சொன்ன அதே இடத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இங்கே ஒரு சத்தம் இருக்கிறது. உங்களுக்கு இது தெரியுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் சைனப். "தெனமும் காத வச்சுக் கேப்பேன். துருத்திச் சத்தம். ஈயக்காரங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் இரையுமாம்."

அவர் குழாயை எடுத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "காது இரைச்சல் என்றால் அது இரைகிறவருக்கு மட்டும்தான் கேட்கும் அம்மா. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. உங்களுக்கும் கேட்டது என்றால் உள்ளே நிஜமாகவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூளையில் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே சிக்கு விழுந்த நூல் மாதிரி பின்னிக் கிடக்கின்றன. வேகமாக வருகிற ரத்தம் அங்கே மெல்லிய குழாய்க்குள் நேராகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். இப்போது அதில் ஒரு குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது."

"முன்னாடியே கூட்டியாந்திருந்தா?" என்று நான் கேட்டேன்.

"கூட்டி வந்திருந்தாலும் என்னால் இதைத்தான் சொல்லியிருக்க முடியும். அதைத் திறந்து சரிசெய்ய இங்கே வழியில்லை. அசையாமல் படுக்க வையுங்கள். கசிவு தானாக நின்றால் பிழைப்பார்."

அவர் ஒளிக்காமல் சொன்னார், அந்த மட்டில் எனக்கு அவர்மேல் மரியாதை. சைனப் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுப் பேருக்கும் காது இரையுதுன்னாக. இஸ்மாயில் மாமாவுக்கு இரையுறது நமக்கு ஒரு நாளாவது கேட்டுச்சா அக்கா? அவுகளுது மட்டும் எனக்குக் கேட்டுச்சே. அத வச்சுக்கிட்டு நான் சுகமாத் தூங்குனேனே" என்றாள். நான் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் எங்களைத் தாண்டிப் போகும்போது அவள் எழுந்து நின்றாள். "டாக்டரய்யா, வயித்துல இருக்குறதுக்கும் இது வருமா?"

"பெரும்பாலும் வராது. பிறந்த பிறகு பிள்ளையின் தலையில் காதை வைத்துப் பாருங்கள். இந்த மாதிரிச் சத்தம் கேட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்தப் பேச்சு அவள் மனதில் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சில நாளில் தம்பிக்கு நினைவு திரும்பியது. கண் கூசுகிறது என்று ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனாலும் பேசினான்.

"துருத்தி ஊதுதா புள்ள?"

சைனப் குனிந்து காதை வைத்தாள். "ஊதுது மச்சான்."

"நல்லா ஊதுதா?"

"நல்லா ஊதுது."

"அப்பச் சரி. ஈயம் புடிச்சிரும்" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவனுக்குப் பிடிக்குமென்று ரொட்டியும் பாலும் கொண்டுவர வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். அந்தச் சத்தத்தை நானும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அப்போதுதான் ஆசை வந்தது. ஆனால் அவள் காதை எடுக்காமல் அவன்மேல் சாய்ந்து கிடந்தாள். நகரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் அவன் ஒரு தரம் முனகினான். சைனப் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நின்னுருச்சு அக்கா" என்றாள். அவன் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் சொன்னதை நம்பாமல் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். எல்லோரும் வந்து சேர்வதற்குள் நெஞ்சும் நின்றுவிட்டது.

புருஷனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை இத்தா. சைனப்புக்குப் பட்டறைச் சுவரை ஒட்டிய உள்ளறையைக் கொடுத்தோம். அவள் அழவே இல்லை. அழுது தீர்த்துவிடு என்று எத்தனையோ பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சோணை அண்ணே வர்றதில்லையா அக்கா? பட்டறையில சத்தமே இல்லையே."

வருகிறார் என்றேன். பூசுகிற வேலையையும் சோணையேதான் பார்த்தார், ஆனால் துருத்தியைச் சேக் இஸ்மாயில் மாமா பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து வேலை செய்தார். நான் போய்க் கேட்டேன்.

"தங்கச்சி உள்ள இருக்கையில சுவத்துக்கு இந்தப் பக்கம் எப்பிடிக்கா ஊதுறது? மாப்ள நெனப்பு வரும்ல."

"அந்த நெனப்பு வரட்டும்னுதான் கேக்குறா. நீங்க வந்து ஊதுங்க" என்றேன்.

மறுநாள் துருத்தி வந்தது. சோணை ஊதினார். சைனப் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப வேகம் அக்கா. மெதுவா ஊதச் சொல்லுங்க." எவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்குச் சுவரில் விரலால் தட்டிக் காட்டினாள். தட்டினாள், நிறுத்தினாள், தட்டினாள். நான் அதைப் பட்டறையில் போய்த் தட்டிக் காட்டினேன்.

"இம்புட்டு மெதுவா ஊதுனா கரி அவிஞ்சு போகும்க்கா. ஈயம் எப்பிடி உருகும்?"

"எனக்கென்ன தெரியும்? அவ கேக்குறா."

சோணை கொஞ்சம் யோசித்தார். அன்று சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்து, பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, நெருப்பில்லாத குழிக்கு முன்னால் உட்கார்ந்து வெறும் துருத்தியை மெதுவாக ஊதினார். உள்ளே சைனப் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். தம்பி போனதிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் சோணை அதைச் செய்தார். சந்தில் போகிறவர்கள் சிரித்தார்கள். அவர் தலையை நிமிர்த்துவதில்லை. அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

பெண் பிள்ளை பிறந்தது. மைமூன் என்று பேர் வைத்தோம். தம்பியின் நெற்றி, தம்பியின் காது மடல். சைனப் பிள்ளையைக் கீழே விடவில்லை. பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளையைத் தோளில் போடும்போது அதன் தலை அவள் காதில் படாமல் கழுத்தைச் சாய்த்துக்கொள்வாள். முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரமும் பொறுத்தேன். அதற்குமேல் பொறுப்பது என் சுபாவத்திலேயே கிடையாது.

"டாக்டர் என்ன சொன்னாரு? காத வச்சுப் பாருன்னு சொன்னாரா இல்லையா? எத்தன நாளைக்கு இப்பிடிக் கழுத்த ஒடிச்சிக்கிட்டுத் திரியப் போற?"

"பயமா இருக்கு அக்கா."

"பயந்தா ஆச்சா? இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம். இல்லேன்னா நிம்மதியா இருப்போம். அம்புட்டுத்தான?"

அவள் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இருந்துச்சுன்னா புள்ள போயிரும் அக்கா. இல்லேன்னா அவுக போயிருவாக" என்றாள்.

இத்தனை மாதமாக அவள் அழாமல் இருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. அந்தச் சத்தம் உலகத்தில் மிச்சமிருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது பிள்ளையின் தலை. அங்கே அது இருக்கக் கூடாது என்று அல்லாவிடம் கெஞ்சினாள், அங்கேயாவது அது இருக்காதா என்று ஏங்கவும் செய்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாற்பதாம் நாள் வந்தது. தாய்க்குத் தலைக்கு ஊற்றி, பிள்ளைக்கு முடி இறக்கி, பாத்திஹா ஓதிச் சோறு போடுகிற நாள். காலையிலேயே பிள்ளைக்கு முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசிவிட்டார்கள். ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடு அடங்கியது. சைனப் புதுப் புடவையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையோடு பிள்ளை அவள் கையில் தூங்கியது. முடியெல்லாம் போனதும் அந்தத் தலையில் தம்பியின் சாயல் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இருங்க அக்கா" என்றாள். நான் உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லிவிட்டுக் குனிந்து, பிள்ளையின் வலது காதுக்கு மேல் தன் காதை வைத்தாள்.

அவள் முகம் மாறியது. அதை எப்படிச் சொல்வேன். முதலில் ஒரு வெளிச்சம். ரொம்ப நாள் கழித்துத் தம்பி வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கிறபோது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். மறுகணம் ரத்தமெல்லாம் வடிந்து வெளுத்துவிட்டது. "ஊதுது அக்கா" என்றாள். "விட்டு விட்டு ஊதுது. அதே மாதிரி ஊதுது." பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அது விழித்து வீரிட்டது. துப்பட்டியை எடுக்க எழுந்தேன், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே என்று.

எழுந்து கதவருகே போன பிறகுதான் எனக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் துருத்தி ஊதிக்கொண்டிருந்தது. மெதுவாக, விட்டு விட்டு. சாயங்காலம் ஊதுகிற மனுஷர் மத்தியானத்திலேயே ஊதிக்கொண்டிருந்தார். நான் பட்டறைக்குள் பாய்ந்தேன்.

"நிறுத்துங்க. இந்நேரத்துல யாரு ஒங்கள ஊதச் சொன்னா?"

சோணை பதறி எழுந்தார். "இல்லக்கா, புள்ளைக்கு நாப்பது ஆச்சே. மாப்ளயும் வீட்டுல இருக்குற மாதிரி இருக்கட்டுமேன்னுதான் ஊதுனேன்."

அவரைத் திட்டத்தான் போனேன். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். சைனப்பிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி காதை வைத்தாள். வலது பக்கம் கேட்டாள். பிள்ளையைத் திருப்பி இடது பக்கம் கேட்டாள். உச்சியில் கேட்டாள். மறுபடியும் வலது பக்கத்துக்கே வந்தாள்.

"இல்ல அக்கா" என்றாள். "ஒண்ணுமே கேக்கல. புள்ள நல்லா இருக்கு."

சிரித்தாள். சிரித்தவள் அந்தச் சின்ன மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மச்சான், மச்சான் என்று அழுதாள். தம்பியை மையத்தாய் அடக்கத்துக்குத் தூக்கிப் போன அன்று அழ வேண்டிய அழுகை அது. நானும் அழுதேன். என் தம்பிதானே. யாரும் யாரையும் தேற்றவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் முந்தானையால் பிள்ளையின் தலையைத் துடைத்தாள். சோணை கதவுக்கு வெளியிலிருந்து, "நான் கெளம்பவாக்கா?" என்று தயங்கிக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவ மெதுவா ஊதச் சொல்லுங்க அக்கா" என்றாள் சைனப். "அப்புறம் வேகமா ஊதட்டும். பாத்திரமெல்லாம் காத்துக் கெடக்கு."

சோணை போய் உட்கார்ந்தார். துருத்தி மெதுவாக மூச்சு விட்டது. சைனப் சுவரில் காதை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"நீங்க கேட்டதே இல்லையே அக்கா. வந்து கேட்டுப் பாருங்க. இப்படித்தான் இருக்கும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தேன். அவள் காது வைத்திருந்த இடம் சூடாக இருந்தது. என் தம்பியின் தலைக்குள் அவன் பிறந்த நாளிலிருந்து ஓடிய சத்தத்தை, அவன் போன பிறகு நான் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சோணை கரியை மூட்டி வேகமாக ஊதத் தொடங்கினார். நவச்சாரப் புகை அறைக்குள் வந்தது. மைமூன் தும்மினாள். சைனப் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.